கஞ்சமலையில் குழிகள் எங்கே?

கேள்வி: நில அளவைத் துறை வரைபடத்தில் ஏற்காடு அடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கங்கள் பளிச்சென்று தெரிகின்றன. பல நூறு ஆண்டுகள் இரும்பு எடுத்ததாகச் சொல்லப்படும் கஞ்சமலையில் அப்படிப் பெரிய குழி எதுவும் கண்ணில் படவில்லையே. இரும்புக் கதை வெறும் கதைதானா?
- வாசகர், ராசிபுரம்

பதில்: கதை அல்ல. குழியின் அளவு தொழிலின் வயதைச் சொல்லாது. தோண்டிய முறையைத்தான் சொல்லும். வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், கருப்பூர்ப் பக்கத்துப் பாறையில் மெல்லிய நரம்புகளாகப் பின்னிக் கிடக்கிறது. அதை எடுக்க மொத்தப் பாறையையும் உடைத்தாக வேண்டும். அதனால்தான் நூறாண்டுக்குச் சற்றே கூடுதலான வேலைக்குள் அவ்வளவு பள்ளமும் கழிவுக்கல் மேடும் சேர்ந்துவிட்டன. கஞ்சமலைத் தாது வேறு வகை. காந்த இரும்பு அங்கே வெள்ளைக் குவார்ட்ஸோடு கலந்து பட்டை பட்டையாகச் சரிவில் ஓடுகிறது. வெயிலும் மழையும் உடைத்த துண்டுகள் அடிவாரத்தில் சிதறின. ஓடைகள் கருமணலை ஒதுக்கின. உருக்குவோர் அவற்றைப் பொறுக்கி, இடித்து, அலசி, விறகுக்கரியோடு மண் உலையிலிட்டுத் துருத்தி ஊதினார்கள். சுரங்கம் வெட்டத் தேவையே எழவில்லை. ஆங்காங்கே ஆளுயரத்துக்குத் தோண்டியிருந்தாலும், 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு போடும் 1:50,000 வரைபடத்தில் அது தெரியாது.

இங்கிலாந்தின் கார்ன்வால் வரைபடங்களில் கைவிட்ட பழைய சுரங்கங்கள் நிறையக் குறிக்கப்பட்டிருக்கின்றனவே என்று கேட்கலாம். அங்கே வெள்ளீயமும் செம்பும் ஆழத்தில் இருந்தன. கிணறு போல் இறங்கி, நீரை இறைத்துத்தான் எடுக்க முடிந்தது. அந்தத் தடம் அழியவில்லை. 'தாது எளிதில் கிடைத்தது என்பது உங்கள் ஊகம்தானே' என்றும் கேட்கலாம். 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் தொடங்கிய பரங்கிப்பேட்டை இரும்பாலை சேலத்துத் தாதை நம்பியே நடந்தது. அதை நொடிக்க வைத்ததில் பெரும் பங்கு விறகுக்கரித் தட்டுப்பாட்டுக்கு உண்டு, தாது தீர்ந்துபோகவில்லை. 1864-இல் வில்லியம் கிங்கும் புரூஸ் ஃபூட்டும் எழுதிய நிலவியல் அறிக்கை கஞ்சமலை, கொல்லிமலை, தீர்த்தமலைத் தாதுப் பட்டைகளை விரிவாகப் பதிவு செய்கிறது. 1892-இல் தாமஸ் ஹாலண்ட் சேலம் மாவட்டத்து இரும்புத் தாதையும் இரும்புத் தொழிலையும் பற்றித் தனி அறிக்கையே எழுதினார்.

ஆகவே பழைய இரும்புத் தொழிலின் தடயத்தை மலையில் தேடுவதைவிட, உலை எரிந்த இடங்களில் தேடுவதே சரி. கொல்லிமலை அடிவாரத்திலோ கஞ்சமலையைச் சுற்றியோ உழும்போது கனத்த கருங்கிட்டக் கட்டிகள் கிடைத்தால் வரப்பில் வீசிவிடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு சேலம் அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.