அண்ணாமலையார் தரிசனத்துக்குப் பிறகு: பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் எங்கே போவது?

திருவண்ணாமலைக்குக் குடும்பமாக வருகிறவர்களுக்குத் தரிசனம் முடிந்ததும் பெரும்பாலும் ஒரு பகல் மிச்சமாகிறது. அதை எங்கே கழிப்பது என்பதில் ஒரே வீட்டுக்குள் மூன்று கட்சி உண்டாகிவிடும். பிள்ளைகள் முதலையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். அப்பாவுக்குச் செஞ்சிக் கோட்டை மேல் கண். பாட்டிக்கு இன்னும் ஒரு பெருமாளைச் சேவித்துவிட்டுப் போனால் தேவலை. யார் மனமும் கோணக் கூடாது என்று நினைக்கிற குடும்பத் தலைவர், ‘எல்லாம் முப்பது, நாற்பது கிலோமீட்டர்தானே’ என்று சாத்தனூர், திருக்கோவிலூர், செஞ்சி மூன்றையும் ஒரே நாளுக்குள் அடைத்துவிடுகிறார். தூரம் என்னவோ அவர் சொல்வதுதான். ஆனால் சாத்தனூர் மேற்கே, திருக்கோவிலூர் தெற்கே, செஞ்சி கிழக்கே. ஊருக்குத் திரும்பித் திரும்பிப் போனால் சாலையில் மட்டும் இருநூறு கிலோமீட்டர் ஆகும். ஐந்தாறு மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கோட்டையும் அணையும் ஜன்னலுக்கு வெளியே ஓடிய மரங்களும் ஒன்றாகவே நினைவில் நிற்கும். ஆகவே ஒரு நாளுக்கு ஓர் இடம், மிஞ்சினால் ஒரே திசையில் இரண்டு. இதை ஏற்றுக்கொண்டால்தான் எந்த இடம் என்ற கேள்விக்கே பொருள் வரும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் நம்புவது ஒரே ஓர் அளவுகோலை. அங்கே போனால் குடும்பத்தில் யார் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டி வரும்? புகழ், பழமை, புகைப்படத்துக்கு எடுப்பாக இருப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். பாட்டி செருப்புகளுக்குக் காவலாக மூன்று மணி நேரம் கீழே உட்கார்ந்திருந்தால், அல்லது நான்கு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா பாதி வழியில் இறங்கி வந்துவிட்டால், அது பாதிக் குடும்பத்தின் பயணமாகத்தான் முடியும். இந்த வட்டாரத்துக்கு வழி சொல்கிறவர்கள் இப்படி யோசிப்பது புதிதும் அல்ல. சங்க இலக்கியத்தின் பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. அந்தச் செங்கண்மாதான் இங்கிருந்து மேற்கே இருக்கும் இன்றைய செங்கம். வழியில் எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லும் அதே பாட்டு, பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு எங்கே, கால் வழுக்கும் இடம் எது, தினைப்புனம் காப்பவர்களின் கவண்கல் எங்கிருந்து வரும் என்பதையும் விடாமல் சொல்கிறது. சுற்றமும் பெண்களும் சேர்ந்து நடக்கும் கூட்டத்துக்குச் சொன்ன வழி அல்லவா? போகிறவர் யார் என்று தெரிந்து சொல்வதுதான் நல்ல வழிகாட்டல்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகளும் முழங்கால் வலிக்கிற பெரியவர்களும் சேர்ந்து வரும் குடும்பத்துக்கு என் முதல் தேர்வு சாத்தனூர் அணை. கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் கடந்து வரும் தென்பெண்ணையைச் சென்னகேசவ மலைக் குன்றுகளுக்கு நடுவே மறித்துக் கட்டிய அணை இது. காமராசர் முதல்வராக இருந்த காலத்தில், 1958இல் பயன்பாட்டுக்கு வந்தது. முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. உயரம் 119 அடி. பாட்டியும் பேரனும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பார்க்கும்படி இங்கே இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று தண்ணீர், மற்றொன்று முதலைப் பண்ணை. படிகள் உண்டு, ஆனால் ஏறினால்தான் பார்க்கலாம் என்ற கட்டாயம் இல்லை. களைத்தவர் பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்தாலும் பிள்ளைகள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான் இருப்பார்கள். பசித்தால் அணைக்கு அருகே வாசலிலேயே வாணலியில் பொரிந்துகொண்டிருக்கும் மீன். ஏரி வஞ்சிரம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதலைப் பண்ணையை ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு நகர்வது பெரிய நஷ்டம். அங்கே இருப்பவை நம் ஆறு, ஏரிகளுக்கே உரிய நன்னீர் முதலைகள். வெயிலில் வாயை அகலத் திறந்துகொண்டு கல்லாகக் கிடக்கும். உயிரோடுதான் இருக்கிறதா என்று பிள்ளை கேட்கும், கல் எறிந்து பார்க்கவும் தோன்றும். எறிய விடாமல் தடுத்து, ஏன் வாயைத் திறந்திருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடம் அது. முதலைக்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் வழிகளில் ஒன்று அந்தத் திறந்த வாய். இன்னொன்றும் சொல்லலாம். முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதை, முட்டை புதைந்திருக்கும் மண்ணின் சூடு தீர்மானிக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தச் செய்தி ஒரு மாதத்துக்குப் போதும். கூடவே எச்சரிக்கையும் வேண்டும். தொட்டிக்குள் மட்டும் அல்ல, அணை நீரிலும் முதலை உண்டு. கரையில் கால் நனைக்கிறேன், குளிக்கிறேன் என்று யார் கேட்டாலும் கூடாது.

சாத்தனூர் வெறும் அணைதானே, ஒரு காலத்தில் சினிமாக்காரர்கள் வந்த பூங்கா, இப்போது முன்பிருந்த செழிப்பு இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. பூங்காவைப் பற்றிய குறையை நான் மறுக்கவில்லை. செடியும் பூவும் மட்டும் வேண்டும் என்றால் வேறு இடம் பார்க்கலாம். ஆனால் வெறும் அணை என்பதை ஏற்க முடியாது. 2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையில் நிரம்பிய இந்த அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள் மூழ்கின. தண்டராம்பட்டு பக்கம் அகரம்பள்ளிப்பட்டில், திறந்து சில மாதங்களே ஆன உயர்மட்டப் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதே மழையில்தான், டிசம்பர் 1 அன்று, திருவண்ணாமலையிலேயே மலைச்சரிவு வீடுகள் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஒரு மதகைத் திறப்பதா வேண்டாமா, எப்போது திறப்பது என்பது எத்தனை ஊர்களின் உயிர்ப் பிரச்சினை என்று புரிந்துகொள்ள அணைச் சுவரைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பேப்பரில் அன்றாடம் வரும் ‘சாத்தனூர் நீர்மட்டம்’ என்ற வரியைக் காலையில் பிள்ளையை விட்டே படிக்கச் சொல்லி, 119இல் எத்தனை அடி நிற்கிறது என்று நேரில் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். காலம் மட்டும் முக்கியம். சித்திரை, வைகாசியில் போனால் தண்ணீர் இறங்கிப் பாறையும் சேறும்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ள எச்சரிக்கை இருந்தால் கிளம்பவே வேண்டாம். தை, மாசியில் தண்ணீரும் இருக்கும், வெயிலும் கொல்லாது.

பாட்டி பெருமாளை விட மாட்டேன் என்றால், அதே ஆற்றின் கீழ்க்கரையில் திருக்கோவிலூர் இருக்கிறது. திசை வேறானாலும் சாத்தனூரையும் இதையும் மட்டும் ஒரே நாளில் சேர்க்கலாம். இரண்டையும் ஒரே ஆறு இணைக்கிறது என்பதால் மற்ற இணைப்புகளைப் போலச் சலிப்பூட்டாது. உலகளந்த பெருமாள் கோயிலில் ஒரு காலை மேலே தூக்கியபடி நிற்கும் பெரிய திருமேனியைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு எந்த விளக்கமும் வேண்டாம். முதலாழ்வார்கள் மூவரும் மழை இரவில் ஒரு சின்ன இடைகழியில், ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று ஒதுங்கி நின்றது இந்த ஊரில் என்பது வைணவ மரபு. ஆற்றில் கபிலர் குன்று என்று ஒரு பாறை, தலையில் சிறு கோயிலோடு நிற்கிறது. பாரி இறந்த பிறகு அவன் மகளிரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்துவிட்டுக் கபிலர் உயிர் விட்ட இடம் என்கிறார்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளை பாடப் புத்தகத்தில் படித்த பெயருக்கு இங்கே கல்லும் மண்ணும் கிடைக்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடும் நாளில் கரையிலிருந்து பார்த்தாலே போதும்.

செஞ்சியைப் பின்னுக்குத் தள்ளலாமா என்று கோபப்படுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். 2025 ஜூலையில் மராத்தியரின் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அவற்றில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. 1677இல் சிவாஜியின் கைக்கு வந்தது. அவர் மகன் ராஜாராமை உள்ளே வைத்து முகலாயப் படை 1698 வரை ஏழு ஆண்டுக்குக் குறையாமல் முற்றுகையிட்டுக் கிடந்தது. ராஜா தேசிங்கின் கதையை நம் கிராமத்துக் கூத்தும் பாட்டும் இன்னும் மறக்கவில்லை. பெருமையில் சாத்தனூர் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் நான் கேட்பது யார் காத்திருக்க வேண்டும் என்பதை. ராஜகிரி எண்ணூறு அடி உயரம். உச்சிக்கு முன்னால் ஒரு பிளவு, அதன் மேல் பாலம். நிழல் குறைவு, குரங்கு நிறைய. ஏறி இறங்க மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பகலில் தாமதமாகப் போனால் மேலே ஏற விட மாட்டார்கள். பத்து வயதுக்கு மேல் பிள்ளைகளும் நடக்கத் தெம்புள்ள பெற்றோரும் மட்டும் என்றால் என் முதல் தேர்வே மாறிவிடும். கண்ணை மூடிக்கொண்டு செஞ்சிதான். காலை ஒன்பதுக்குத் திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும். மத்திய தொல்லியல் துறை பதினைந்து வயதுக்குக் கீழே கட்டணம் வாங்குவதில்லை.

பெரியவர்கள் கூட இருந்தும் செஞ்சிதான் என்றால், மலையை விட்டுவிட்டு அடிவாரத்தை மட்டும் பார்க்கலாம். அடுக்கடுக்காக எழும் கல்யாண மகால், அதற்குத் தண்ணீர் வந்த குழாய் வழி, நெற்களஞ்சியம், ஆனைக்குளம் எல்லாம் சமதரையில்தான். வேங்கடரமணர் கோயிலில் இருந்த உயரமான கல்தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதாம். புதுவைக்கோ சென்னைக்கோ திரும்புகிறவர்களுக்குச் செஞ்சி போகிற வழியிலேயே இருக்கிறது என்பதால், தனியாக ஒரு நாள் ஒதுக்காமல் ஊர் திரும்பும் நாளின் காலையை அதற்குக் கொடுப்பதே சரி. தூணைப் பிடுங்கிய இடத்தைக் காலையில் பார்த்து, மறுநாள் தூணைக் கடற்கரையில் பார்க்கும் பிள்ளை வரலாற்றைத் தானே கோத்துக்கொள்ளும்.

தலத்துக்கு வந்தவர்கள் சுற்றுலாப் போவதே தப்பு என்று நினைக்கிற பெரியவர்களும் உண்டு. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு ஊரை விட்டு வெளியே போகாமலே ஒரு நல்ல பகல் கிடைக்கும். பௌர்ணமிக் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் நடப்பது பக்தி என்றாலும் பிள்ளைக்குப் பாடு. சாதாரண நாளின் விடியலில் இந்திர லிங்கத்தில் தொடங்கி, எட்டு லிங்கங்களையும் எண்ணிக்கொண்டே போகச் சொன்னால், பிள்ளை அடுத்த லிங்கத்துக்கு நம்மை இழுத்துக்கொண்டு போகும். முடியாதவர்கள் ஆட்டோவில் முன்னே போய் அடுத்த சந்நிதியில் சேர்ந்துகொள்ளலாம். கோயிலுக்குள் 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்ததோடு விடாமல், அருணகிரிநாதருக்காக முருகன் தூணில் தோன்றிய கம்பத்திளையனார் சந்நிதியையும், அவர் கிளியாக அமர்ந்ததாகச் சொல்லப்படும் கிளி கோபுரத்தையும் காட்ட வேண்டும். ரமணாசிரமத்தில் 1948இல் இறந்த லட்சுமி என்ற பசுவுக்கு ஒரு சமாதி இருக்கிறது. அருகிலேயே ஒரு மான், ஒரு காகம், ஒரு நாய் ஆகியவற்றுக்கும் சமாதிகள். மயில் உலாவும் அந்த இடத்தில், ஒரு காகத்துக்கு ஏன் சமாதி என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விக்குத் தாத்தா உட்கார்ந்து பதில் சொல்லட்டும்.

மிச்சம் ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர், பீமன் அருவி என்று பெயர் கேட்டதும் ஆசை வரும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகும், மழை பெய்து ஓய்ந்த மாதங்கள் தவிர அருவியில் நூலாகத்தான் தண்ணீர். வண்டியில் வாந்தி எடுக்கும் குழந்தை இருந்தால் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த மலைக்கு நான் போகச் சொல்வது வேறு காரணத்துக்காக, அதுவும் வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மட்டும். திருப்பத்தூர் மாவட்டப் பக்கம் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. உள்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே வேலை செய்கிறது. யுரேனஸுக்கு வளையம் உண்டு என்பதை உலகம் கண்டுகொண்ட 1977ஆம் ஆண்டுக் கண்காணிப்புகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. பொதுமக்களுக்கு அனுமதி சனிக்கிழமைகளில். பெங்களூரிலிருந்து வருகிறவர்களுக்குத் திரும்பும் வழியிலிருந்து அதிகம் விலக வேண்டியதும் இல்லை. ஒரே சிக்கல், நம் ஆட்கள் திருவண்ணாமலைக்குத் தேர்ந்தெடுக்கும் பௌர்ணமி, வானம் பார்க்க மிக மோசமான நாள். நிலவொளியில் மங்கலான நட்சத்திரம் எதுவும் தெரியாது. காவலூரைத் திட்டத்தில் வைத்தால் தை முதல் பங்குனிக்குள், அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பார்த்து வர வேண்டும். அந்த நாட்களில் அண்ணாமலையார் சந்நிதியிலும் பௌர்ணமி வரிசை இருக்காது. காலையில் தரிசனம், மதியம் செங்கம் வழியாக மலை ஏற்றம். கிளம்புவதற்கு முன் வானாய்வகத்தில் அன்றைய அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.