கடலோரத்தில் ஓர் இரவு: கையொப்பமிடும் முன் பெற்றோருக்கும், புறப்படும் முன் பிள்ளைகளுக்கும்



மெல்பேண் பாடசாலைகளில் ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு வந்ததும் ஒருநாள் மாலை பிள்ளை புத்தகப் பையிலிருந்து கசங்கிய தாள் ஒன்றை எடுத்து நீட்டும். கடலியல் கற்கப் போகிறார்கள். ஓரிரவு அங்கேயே தங்கல். கீழே பெற்றோர் கையொப்பம் வேண்டும். பிள்ளைகள் இதைக் 'கேம்ப்' என்று சொல்வார்கள். தமிழில் 'முகாம்' என்று மொழிபெயர்த்தால் எம்மில் பலருக்கு நினைவில் எழுவது வேறு வகையான முகாம்கள். ஆகவே இக்கட்டுரையில் 'கடலியல் தங்கல்' என்றே எழுதுகிறோம்.

எமது ஞாயிறு தமிழ் வகுப்பில் இந்தத் தாளைப் பற்றி யாராவது கேட்காத ஆண்டே இல்லை. "ரீச்சர், இதுக்கு விடலாமோ?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். கையொப்பம் கிடைக்காமல் நின்றுவிட்ட பிள்ளைகளையும் கண்டிருக்கிறோம். தோழர்கள் எல்லோரும் பஸ் ஏறிப் போக, இரண்டு நாளும் வேறொரு வகுப்பின் பின்வரிசையில் இருந்து படம் கீறிய பிள்ளை ஒன்று, "எனக்குக் கடல் பிடிக்காது" என்று எங்களிடம் சொல்லியது. அது பொய் என்பது அதற்கும் தெரியும், எமக்கும் தெரியும்.

பெற்றோர் வழக்கமாகக் கேட்பது, "பகலில் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னேரம் கொண்டுவந்து விட்டால் என்ன?" என்பதே. நியாயமான கேள்வி. அதற்கான விடையைக் கடல்தான் தருகிறது.

மெல்பேணிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் குயின்ஸ்கிளிவ், பொயின்ற் லொன்ஸ்டேல் என்ற ஊர்கள் உள்ளன. பெரும் போட் பிலிப் குடா வெளிக்கடலைச் சந்திக்கும் வாசல் அங்கேதான். குடாவின் பரப்பு ஏறக்குறைய 1,930 சதுர கிலோமீற்றர்; ஆனால் சராசரி ஆழம் 13 மீற்றர் மட்டுமே. வாசலோ ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் அகலமே. அவ்வளவு நீரும் அந்த வாசலால்தான் உள்ளே வந்து வெளியே போக வேண்டும். இதனால் வாசலில் பெருக்கு உச்சத்தை அடைந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழிந்த பின்னரே மெல்பேண் துறைமுகத்தில் பெருக்கு உச்சமாகும். இந்த இடைவெளி வாசலில் கடும் நீரோட்டத்தை உண்டாக்குகிறது. 'றிப்' எனப்படும் அவ்விடத்தில் முற்காலத்தில் பல கப்பல்கள் உடைந்தன. பிள்ளைகளை அங்கே நீந்த விடுவதில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறோம். அவர்கள் பார்ப்பது கரையோரப் பாறைத்தட்டு. பெருக்கில் அது நீருக்குள்; வற்றில் மட்டுமே வெளியே தெரியும்.

'வற்று', 'பெருக்கு' என்ற சொற்களை ஊர்க்காவற்றுறையிலோ வல்வெட்டித்துறையிலோ வளர்ந்த தாத்தாமாரிடம் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளே. பாடசாலையில் படிக்கும் பாடத்தின் பாதியை அவர்கள் கரையில் நின்றே கற்றவர்கள். ஒரு வற்றிலிருந்து அடுத்த வற்று வரை சராசரியாக 12 மணி 25 நிமிடம் ஆகும். எனவே வற்று நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். உதாரணமாக வியாழன் மாலை 6.40க்கு வற்று என்றால், அடுத்தது வெள்ளி காலை 7.05 அளவில், அதற்கடுத்தது வெள்ளி மாலை 7.30 அளவில். பாடசாலை நேரமோ காலை ஒன்பது மணி முதல் பின்னேரம் மூன்றரை வரை. அன்று பகலில் பஸ்ஸில் போய் வரும் வகுப்பு பாறைத்தட்டைக் காணவே காணாது; நீரைப் பார்த்துவிட்டுத் திரும்பும். கடல் பாடசாலை மணிக்கு எழுவதில்லை.

எந்த நாளில் வற்று மிகப் பெரிதாக இருக்கும் என்பதை அறிய எமது ஆலய நாட்காட்டியே போதும். அமாவாசை, பூரணை நாட்களில் சூரியனும் சந்திரனும் பூமியோடு ஏறக்குறைய ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. அந்நாட்களிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் பெருக்கு மிக உயரும், வற்று மிகத் தாழும். அட்டமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு குறையும். அம்மா விரதத்துக்காகச் சுவரில் வட்டமிட்டு வைத்த தேதியைப் பார்த்து, "அன்று பாறை நன்றாக வெளித்தெரியும்" என்று வகுப்பில் சொன்ன மாணவி ஒருத்திக்கு ஆசிரியை வியந்து கைதட்டினாராம். (நேரத்தைத் துல்லியமாக அறிய வளிமண்டலவியல் பணியகத்தின் வற்றுப்பெருக்கு அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும், பஞ்சாங்கம் நாளைச் சொல்லும், மணியைச் சொல்லாது.)

இரவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடலின் மிகச் சிறிய உயிர்களான மிதவையுயிர்களில் பல, பகலில் மீன்களின் கண்ணுக்குத் தப்பி ஆழத்தில் கிடந்து, இருளானதும் மேலே எழுகின்றன. படகுத்துறையில் நின்று விளக்கொளியில் நுண்வலையை இழுத்து, வந்த நீரை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், நண்டின் குஞ்சு நண்டைப் போலவே இல்லாமல் முள்ளும் வாலுமாய் நீந்துவதைக் காணலாம். பகலில் கல்லிடுக்கில் ஒடுங்கியிருக்கும் நண்டுகளும் வெளியே உலாவும். காலை வற்றில் 'நெப்டியூனின் மாலை' எனப்படும் பழுப்புப் பாசியைக் காட்டுவார்கள். உருத்திராக்க மாலைபோல் மணிமணியாய்க் கோத்திருக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் நீர் தேங்கியிருப்பதால், பல மணி நேரம் வெயிலில் கிடந்தும் அது காய்ந்து சாவதில்லை.

தந்தையர் கவனிக்க ஒரு செய்தி: 2002இல் விக்ரோரியாவின் கடல்சார் சின்னமாகத் தெரிவான 'வீடி சீ டிராகன்' என்ற மீன், கடற்குதிரையின் உறவு. பெண் இடும் முட்டைகளை ஆண்தான் தன் வாலின் அடியில் ஒட்டிச் சுமந்து குஞ்சு பொரிக்கும் வரை திரியும். இதை வீட்டில் அறிவிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆபத்தே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அங்குள்ள கரைகளில் நீலவளைய ஒக்ரோபஸ் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் சிறிய பிராணி. சீண்டினால்தான் நீல வளையங்கள் ஒளிரும். கடித்தது வலிக்காமலே போகலாம். ஆனால் அதன் நஞ்சு மூச்சை நிறுத்திவிடும். மாற்று மருந்து இல்லை. கடிபட்டவருக்கு, நஞ்சின் வேகம் தணியும் வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைப்பார். எனவே 000 அழைத்தலும் இறுக்கமாகக் கட்டுப்போடுதலும் மூச்சு நின்றால் சுவாசம் கொடுத்தலும் தாமதிக்கக்கூடாதவை. பிள்ளைகள் செய்ய வேண்டியது எளிது: கல்லிடுக்கில் கை விடாதே, வெறும் சிப்பி, போத்தல், தகரப் பேணி எதையும் தூக்காதே, கண்ணால் பார், கையால் எடுக்காதே. அப்பகுதியில் 2002இல் ஏற்படுத்தப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவும் இருப்பதால் எடுப்பது சட்டப்படியும் குற்றம். வீட்டுக்கு நினைவாகச் சிப்பி கொண்டுவா என்று தம்பி தங்கையர் கேட்டாலும் கூடாது.

இனிச் சொல்வதை எழுதலாமா என்று எமக்குள் யோசித்தே எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனின் படிவம் கடைசி நாள் வரை திரும்பவில்லை. பணப் பிரச்சினையோ என்று எண்ணி வீட்டுக்குப் போனோம். தகப்பனார் தேநீர் தந்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பின்பு அப்பம்மாதான் சொன்னார்: "தம்பி, 2004 மார்கழி 26ஆந் திகதி முல்லைத்தீவிலை எங்கடை ஆக்களிலை நாலு பேர். இவனை நான் கடலுக்கு அனுப்பமாட்டன்." அதற்கு என்ன பதில் சொல்வது? நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. பையன் கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கதையை அவன் முழுமையாகக் கேட்டது அன்றுதான்.

தகப்பனார் இறுதியாக ஒரு கேள்வி கேட்டார்: "கடல் உள்ளுக்குப் போனால் ஆர் பிள்ளையளுக்குச் சொல்லுவினம், இது வத்தோ மற்றதோ எண்டு?" அதை அப்படியே பாடசாலை ஆசிரியையிடம் கொண்டுபோனோம். அவர் சினக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. வற்று இறங்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுக்கும். ஆழிப்பேரலைக்கு முன் நீர் உள்வாங்கினால் அது சில நிமிடங்களில் நடந்துவிடும் என்றார். எல்லா இடத்திலும் முதலில் உள்வாங்கும் என்றும் இல்லை. 2004இல் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது. இலங்கைப் பக்கம் முதலில் நீர் உயர்ந்தே வந்தது. ஆகவே கடல் வழமைக்கு மாறாக நடந்தால், நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தால், நின்று பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். அவுஸ்திரேலியாவில் இன்று இரவும் பகலும் விழித்திருக்கும் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் உண்டு. தங்குமிடத்திலிருந்து மேட்டுக்குப் போகும் வழியை முதல் மாலையே பிள்ளைகளை நடத்திக் காட்டுவோம் என்று ஆசிரியை எழுதியும் தந்தார். அந்தக் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினோம். அப்பம்மா சம்மதிக்கவில்லை; ஆனால் மகனைத் தடுக்கவும் இல்லை. தகப்பனார் கையொப்பமிட்டார். பிள்ளை திரும்பும் வரை அப்பம்மா சுவாமி அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை என்று அறிந்தோம்.

ஆகவே பெற்றோரே, பயமிருந்தால் தாளை இலாச்சிக்குள் வைக்காமல் பாடசாலையிடம் கேளுங்கள். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பெரியவர், இரவில் யார் விழித்திருப்பார், ஆண் பெண் பிள்ளைகள் எங்கே தனித்தனியே படுப்பார், நீருக்குள் இறங்கும்போது காப்பாளர் யார்? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ஆங்கிலம் தடையாக இருந்தால் எம்மில் ஒருவர் உடன் வருவோம். சலுகை அட்டை உள்ள குடும்பங்களுக்கு அரசின் சுற்றுலா உதவி நிதியும் உண்டு. பாடசாலை அலுவலகத்தில் படிவம் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். முட்டு வருத்தம், கடலை ஒவ்வாமை, இரவில் பாயை நனைத்தல் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆசிரியருக்கு மட்டுமே தெரியும். மருந்தைப் பெயர்ச்சீட்டுள்ள அதன் பெட்டியுடனேயே ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டும். உணவு என்ற இடத்தில் 'இந்து' என்று மட்டும் எழுதினால் சமையற்காரருக்கு விளங்காது. மாட்டிறைச்சி வேண்டாமா, முட்டை ஆகுமா, வெள்ளிக்கிழமை முழுச் சைவமா என்று விபரமாய் எழுதுங்கள். இரவு நெருப்பைச் சுற்றி இருந்து வாட்டித் தின்னும் மாஷ்மலோவில் பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுத்த ஜெலற்றின் இருக்கும். உண்பதா விடுவதா என்பதை வீட்டிலேயே தீர்மானித்துப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். அங்கே இருளில் பத்துப் பேர் நடுவில் தனியே தீர்மானிக்க விடாதீர்கள்.

பெண்பிள்ளைகளின் உடை பற்றி அம்மாமார் தயங்குவதுண்டு. நீருக்குள் இறங்குவோர் குளிருக்காகக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் 'வெற்சூட்' அணிகிறார்கள். உள்ளே நீளமான நீச்சல் உடையும் அணியலாம். இவ்வயதில் மாதவிலக்கு எதிர்பாராமல் வரலாம். வராதவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி, தேவையானதைச் சிறு பையில் வைத்து, எந்த ஆசிரியையிடம் போவது என்பதையும் காட்டிவிடுங்கள். தங்கச் சங்கிலி, காப்பு வீட்டில் நிற்கட்டும். கோயில் நூலை அவிழ்க்க வேண்டியதில்லை.

புறப்படுவதற்கு ஒரு மாதம் இருக்கையிலேயே வீட்டில் பழக்கத் தொடங்குங்கள். பிள்ளை தன் படுக்கையைத் தானே சுருட்டட்டும். ஈர உடுப்பைத் தானே வேறு பையில் போடட்டும். தலையைத் தானே பின்னட்டும். மாமி வீட்டில் ஓரிரவு தொலைபேசி இல்லாமல் படுத்துப் பார்க்கட்டும். பல பாடசாலைகள் கைத்தொலைபேசியை அனுமதிப்பதில்லை. அவசரம் என்றால் பாடசாலையே அழைக்கும். "அம்மா இல்லாமல் எப்படி இருக்கப் போறாய்?" என்று வாசலில் நின்று அழாதீர்கள், பஸ் போன பிறகு அழலாம், நாங்களும் அழுதிருக்கிறோம்.

பையில் வைக்க: பழைய சப்பாத்து ஒரு சோடி (பாறையில் வெறுங்கால் கூடாது), மழைச்சட்டை, கம்பளித் தொப்பி, ரோச் லைற், வெயில் களிம்பு, துவாய் இரண்டு, பென்சில். ஈரத்தில் பேனை எழுதாது.

அடுத்த ஞாயிறு வகுப்புக்கு ஆலய நாட்காட்டியைக் கொண்டுவாருங்கள், பிள்ளைகளே. உங்கள் தங்கல் நாள் அமாவாசையிலிருந்தோ பூரணையிலிருந்தோ எத்தனை நாள் தள்ளி வருகிறது என்று எண்ணுவோம். பின் அட்டவணையில் முதல் வற்றின் நேரத்தை மட்டும் பார்த்து, மற்ற வற்றுகளை நீங்களே கணக்கிட வேண்டும். தாத்தா, அப்பம்மா யாராவது உடன் வந்தால் முன்வரிசையில் கதிரை போட்டு வைத்திருப்போம்.