வளைவும் வண்டியும்

நேரான சாலையில் எந்த வண்டியும் நன்றாகவே ஓடும். வண்டியின் உண்மையான தரம் வளைவில்தான் வெளிப்படுகின்றது. காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஏரிகள் மிகுந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவை. ஏரிக்கரைகளை ஒட்டியும் வயல்களைச் சுற்றியும் செல்லும் சாலைகள் இப்பகுதியில் பலவிடங்களில் வளைகின்றன. அவ்வளைவுகளில் மோட்டார் வண்டி விரைந்து திரும்பும்போது, உள்ளே அமர்ந்திருக்கும் முதியவர் முன்னிருக்கையைப் பற்றிக்கொள்கின்றார். தாயின் மடியில் உள்ள குழந்தை ஒருபுறமாகச் சரிகின்றது. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் நோயாளி வலி பொறுக்காமல் முகம் சுளிக்கின்றார்.

வண்டி வளைவில் தடம் மாறாமல் செல்லுதல் வேண்டும். உள்ளே இருப்போர் வருந்தாமல் இருத்தலும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று துணை செய்வனபோலத் தோன்றினும், உண்மையில் பெரும்பாலும் முரண்படுவனவே. ஒன்றை மிகுவித்தால் மற்றொன்று குறைகின்றது. இம்முரணைப் பொறியியல் அறிஞர்கள் எவ்வாறு தீர்த்தனர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

முதலில் வண்டி திரும்பும் வகையை அறிதல் வேண்டும். காஞ்சியில் வைகாசித் திருவிழாவின்போது வரதராசப் பெருமாளின் தேர் வீதி வலம் வருகின்றது. தேரின் சக்கரங்கள் நேரே உருளும்படி அமைந்தவை. அவை தாமாகத் திரும்பா. ஆகையால், வீதி முனையை அடைந்ததும், மக்கள் வடம் பிடித்து இழுக்க, பழகிய தொழிலாளர்கள் தக்க சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையைச் செருகித் தேரைச் சிறிது சிறிதாகத் திருப்புகின்றனர். சக்கரங்கள் தரையோடு உராய்ந்து முனகுகின்றன. தேருக்கு இதனால் குறையில்லை. அது விரைந்து செல்ல வேண்டிய ஊர்தி அன்று. விரைந்து செல்லும் நான்கு சக்கர வண்டிக்கோ வேறு வழி வேண்டும்.

வண்டி திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும், வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. எனவே, முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவாகத் திரும்புதல் கூடாது. உட்புறச் சக்கரம் சற்று மிகுதியாகத் திரும்புதல் வேண்டும். இவ்வமைப்பை 1817ஆம் ஆண்டில் மூனிச் நகரத்து வண்டி செய்வோரான லாங்கன்ஸ்பெர்கர் கண்டறிந்தார். மறு ஆண்டில் அவர் சார்பாக லண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ஆக்கர்மன். இன்றும் அவ்வமைப்பு ஆக்கர்மன் பெயராலேயே வழங்குகின்றது. குதிரை வண்டிக்காகத் தோன்றிய அவ்வறிவே மோட்டார் வண்டிக்கும் அடிப்படையாயிற்று.

இனி, வளைவில் தோன்றும் விசையை நோக்குவோம். ஓடும் பொருள் எதுவும் நேர்கோட்டிலேயே செல்ல முனையும். அதனை வளைத்துச் செலுத்த, வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். மோட்டார் வண்டிக்கு அவ்விசையைத் தருவன சாலையைப் பற்றியிருக்கும் நான்கு டயர்களே. ஒவ்வொரு டயரும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலமுள்ள இடத்தில்தான் சாலையைத் தொடுகின்றது. வண்டியும் அதில் உள்ளோரின் உயிரும் அந்த நான்கு சிறிய இடங்களை நம்பியுள்ளன.

ஐம்பது மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றில் வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அப்போது 60 கிலோ எடையுள்ள பயணியைப் பக்கவாட்டில் 12 கிலோ எடையளவு விசை சரிக்கப் பார்க்கும். இதனை அவர் எளிதில் தாங்குவார். வேகம் 72 கிலோமீட்டராக இருமடங்கானால், விசையும் இருமடங்காகும் என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று, அது நான்கு மடங்காகி, ஏறத்தாழ 49 கிலோ எடையளவாகின்றது. தம் எடையில் ஐந்தில் நான்கு பங்கு பக்கவாட்டில் இழுக்க, எவராலும் அமைதியாக அமர்ந்திருக்க இயலாது. நல்ல டயர்கள் உலர்ந்த சாலையில் ஏறத்தாழ இந்த அளவுதான் பற்றி நிற்க வல்லவை. மழை பெய்து சாலை நனைந்தால் அப்பற்றும் பெரிதும் குறைந்துவிடும்.

டயர் சாலையைப் பற்றுவது தரைமட்டத்தில். வண்டியின் எடை குவிந்துள்ள ஈர்ப்பு மையமோ அதற்கு மேலே உள்ளது. இதனால் வளைவில் வண்டி வெளிப்புறமாகச் சாய்கின்றது. உட்புறச் சக்கரங்களின் மீதுள்ள பளு குறைந்து, வெளிப்புறச் சக்கரங்களின் மீது ஏறுகின்றது. இருபுறச் சக்கரங்களுக்கும் இடையே 140 சென்டிமீட்டர் அகலமும், தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும் உடைய கார் எளிதில் கவிழாது. வேகம் எல்லை மீறினால் அது முதலில் வழுக்கும். அதே அகலமுடைய உயரமான வண்டியின் கூரைமேல் மூட்டைகளை ஏற்றி, ஈர்ப்பு மையத்தை 95 சென்டிமீட்டருக்கு உயர்த்திவிட்டால் நிலைமை மாறிவிடும். அவ்வண்டி உலர்ந்த சாலையில் வழுக்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடக்கூடும். கூரைமேல் பளு ஏற்றுவோர் இதனை மறத்தல் ஆகாது.

வண்டி சாயாமல் இருக்கச் சக்கரங்களுக்கு மேலுள்ள விற்களை இறுக்கமாக அமைத்தால் போதாதா என்று கேட்கலாம். அமைத்தால் சாய்வு குறையும் என்பது உண்மையே. ஆயின், சாலையில் உள்ள ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு குழியும் பயணியின் முதுகில் இடிக்கும். ஒரு விநாடிக்கு நான்கு முதல் எட்டு முறை மேலுங்கீழுமாக நிகழும் அதிர்வு மனித உடலை மிகவும் வருத்துகின்றது. விற்களை மிகவும் மென்மையாக்கினாலோ வண்டி தொட்டில்போல் ஆடும். இரண்டு விநாடிக்கு ஒரு முறைக்கும் குறைவான மந்தமான ஆட்டம் தலைச்சுற்றலையும் வாந்தியையும் தருவது. ஆகவே, விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை ஆடுமாறு விற்களை அமைத்தலே நலம் எனக் கண்டுள்ளனர். விரைவு ஓட்டப் பந்தயக் கார்கள் இதனைப் பொருட்படுத்துவதில்லை. மக்கள் ஏறும் வண்டி பொருட்படுத்தியே ஆகவேண்டும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மாரிஸ் ஒல்லி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1930களில் இத்துறையில் சிறந்த ஆய்வுகளை நிகழ்த்தினார். எடைக் கட்டிகளை இடம் மாற்றி வைக்கத்தக்க சோதனைக் கார் ஒன்றை ஓட்டிப் பார்த்து, முன்விற்கள் பின்விற்களைவிட மென்மையாக இருத்தல் வேண்டும் என்று அவர் காட்டினார். மேட்டை முதலில் ஏறுவது முன் சக்கரம். பின் சக்கரம் சற்றுத் தாழ்ந்து ஏறுகின்றது. பின்புறம் விரைவாக ஆடினால் அது முன்புறத்தின் ஆட்டத்தை எட்டிப் பிடித்துவிடும். அப்போது வண்டி குதிரைபோல் முன்னும் பின்னும் துள்ளாமல், ஒருசேர உயர்ந்து ஒருசேரத் தாழும். இதனால் பயணிக்குத் துன்பம் குறைகின்றது.

ஆயினும், மென்மையான வில்லை வைத்துக்கொண்டே சாய்வைத் தடுப்பது எவ்வாறு? இங்குதான் அறிஞர்கள் ஒரு நுட்பத்தைக் கையாண்டனர். மேடுபள்ளத்தில் இரு சக்கரங்களும் ஒன்றாக உயர்ந்து தாழ்வது ஒருவகை அசைவு; வளைவில் ஒரு பக்கம் தாழ, மறு பக்கம் உயர்வது வேறுவகை அசைவு. இரண்டுக்கும் ஒரே வில்லைப் பொறுப்பாக்குவதால்தான் முரண் எழுகின்றது. பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தால் முரண் தணியும்.

இவ்வாறு பிறந்ததே சாய்வைத் தடுக்கும் முறுக்குக் கம்பி. இடச் சக்கரத்தின் தாங்கியையும் வலச் சக்கரத்தின் தாங்கியையும் எஃகுக் கம்பி ஒன்று இணைக்கின்றது. இரு சக்கரங்களும் ஒன்றாக உயர்ந்தால், கம்பி தடையின்றிச் சுழன்று விலகி நிற்கின்றது. பயணி அதனை உணர்வதில்லை. ஒரு சக்கரம் உயர மற்றொன்று தாழ்ந்தால், கம்பி முறுக்கேறி அச்சாய்வை எதிர்க்கின்றது. எனினும் இதற்கும் ஓர் அளவு உண்டு. கம்பி மிகத் தடித்தால், ஒரு சக்கரம் குழியில் விழுந்த அதிர்ச்சி மறு சக்கரத்துக்கும் சென்று வண்டி பக்கவாட்டில் குலுங்கும்.

இந்நுட்பத்தின் பயனை விளக்கும் வரலாறு ஒன்று தமிழ்நாட்டோடு தொடர்புடையது. ஏனாத்தூரும் வண்டலூரும் முன்னாளில் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அவ்வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் காரைச் செய்தது. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவமே அது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் இயல்பு அக்காருக்குச் சிறப்பளித்தது. அதன் நான்கு சக்கரங்களும் தனித்தனியே அசையத்தக்கவை. பின்புறத்தில் குறுக்காகப் படுத்திருக்கும் தகட்டு வில் ஒன்று இரு சக்கரங்களையும் தாங்கியது. ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலும் மறு சக்கரம் அதனால் அசையாது. ஆகவே பயணம் சுகமாக இருந்தது.

அச்சுகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. பின் சக்கரத்தின் அச்சுத் தண்டு ஒவ்வொன்றும், நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியை மையமாகக் கொண்டு ஊஞ்சல்போல் அசையும். வளைவில் மிக விரைந்து சென்றால், வெளிப்புறச் சக்கரம் உடலை மேலே தூக்கித் தானும் உட்புறமாக மடங்க முனையும். மடங்கிய டயர் சாலையைச் சரியாகப் பற்றாது. ஓட்டுநர் அஞ்சித் திடீரெனப் பிரேக்கை அழுத்தினால் நிலைமை மேலும் மோசமாகும்.

ஹெரால்டின் அமைப்பிலிருந்தே பிறந்த டிரையம்ப் ஸ்பிட்பயர் என்னும் காரில் இக்குறைக்கு 1970ஆம் ஆண்டு ஓர் எளிய மருந்து கண்டனர். அதுவரை தகட்டு வில்லின் எல்லாத் தகடுகளும் பல்சக்கரப் பெட்டியின்மேல் இறுகப் பூட்டப்பட்டிருந்தன. புதிய அமைப்பில் ஒரே ஒரு தகட்டை மட்டும் பூட்டி, ஏனையவற்றை நடுவில் தாங்கி, துலாக்கோல்போல் இருபுறமும் தாழ்ந்து உயர விட்டனர். வண்டி மேட்டில் ஏறும்போது எல்லாத் தகடுகளும் சேர்ந்து பளுவைத் தாங்கின. ஆகவே பயணச் சுகம் குறையவில்லை. வளைவில் சாயும்போதோ பெரும்பாலான தகடுகள் துலாக்கோல்போல் சாய்ந்து கொடுத்தன. பின் சக்கரங்களுக்கு இடையே பளு மாறுவது குறைந்தது. சக்கரம் மடங்குவதும் பெரிதும் அடங்கியது. பின்புறம் விட்டுக்கொடுத்த சாய்வுத் தடையை முன்புறத்தில் தடித்த முறுக்குக் கம்பி ஏற்றுக்கொண்டது. வில்லை இறுக்காமலேயே வளைவில் வண்டி நிலைபெற்றது.

வண்டலூரில் வேறு வழி மேற்கொள்ளப்பட்டது. 1972இல் ஹெரால்டுக்குப் பின் வந்த ஸ்டாண்டர்டு கஸல் என்னும் காரில் அசையும் தண்டுகளை நீக்கி, இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உறுதியான அச்சை வைத்தனர். மாட்டு வண்டியின் இருசைப் போன்று அது எளியது. ஊர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கத்தக்கது. சக்கரம் மடங்குதல் என்னும் பேச்சுக்கே அதில் இடமில்லை. ஆயின், ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் மறு சக்கரமும் சேர்ந்து அசையும். ஒரே நோய்க்கு இருவேறு மருந்துகள். ஒவ்வொன்றும் தன் நாட்டுச் சாலைக்கும் தொழிலாளர்க்கும் ஏற்றது.

வண்டியைச் செம்மை செய்வதோடு கடமை முடிந்துவிடாது. சாலையும் துணைபுரிதல் வேண்டும். வளைவில் சாலையின் வெளிப்புற ஓரத்தை உயர்த்தி அமைத்தால், வண்டியின் எடையே அதனை உட்புறம் ஈர்க்க உதவும். 1934இல் தோன்றிய இந்தியச் சாலைக் காங்கிரஸ், சமவெளிச் சாலைகளில் இவ்வுயர்வு நூற்றுக்கு ஏழு என்னும் அளவைத் தாண்டலாகாது என விதித்துள்ளது. அதாவது, ஒரு மீட்டர் அகலத்துக்கு ஏழு சென்டிமீட்டர் உயரலாம். அதற்கு மேல் உயர்ந்தால், மெதுவாகச் செல்லும் பார வண்டிகள் உட்புறமாகச் சரிய நேரிடும். இங்கும் விரைவோர் நலனும் மெல்லச் செல்வோர் நலனும் சேர்த்து எண்ணப்பட்டிருத்தல் காண்க.

இக்காலத்தில் மின்னணுக் கருவிகளும் இப்பணியில் சேர்ந்துள்ளன. 1997இல் சுவீடன் நாட்டில் நடந்த சோதனை ஒன்றில், எதிர்ப்படும் விலங்கை விலக்குவதுபோல் திடீரெனத் திருப்பப்பட்ட மெர்சிடிஸ் நிறுவனத்தின் உயரமான சிறு கார் கவிழ்ந்தது. அந்நிறுவனம் விற்பனையைச் சில மாதங்கள் நிறுத்தி, விற்களைத் திருத்தியதோடு, வழுக்கலை உணர்ந்து தக்க சக்கரத்தை மட்டும் தானே பிரேக்கிடும் கருவியையும் அவ்வகைக் கார்கள் அனைத்திலும் பொருத்தியது. காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்திலும் வண்டிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் பெரிய ஆராய்ச்சி மையம் உள்ளது. ஆயினும், எந்தக் கருவியும் டயரின் பற்றுக்கு மேற்பட்ட விசையைப் படைத்துத் தர இயலாது.

எனவே, இறுதிப் பொறுப்பு ஓட்டுநரைச் சேர்ந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளை உடைய கொல்லிமலைச் சாலையில் பழகிய ஓட்டுநர், வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கின்றார். ஸ்டியரிங்கை வெடுக்கெனத் திருப்பாமல் சீராகத் திருப்புகின்றார். வளைவு நேராகத் தொடங்கிய பின்னரே விரைவைக் கூட்டுகின்றார். பயணியை வருத்துவது விசையின் அளவு மட்டுமன்று. அது திடீரெனத் தோன்றி மறைவதுமாகும். படிப்படியாக வரும் விசைக்கு உடல் தன்னைத் தயார் செய்துகொள்ளும்.

வில் பளுவைத் தாங்க, கம்பி சாய்வைத் தடுக்க, டயர் சாலையைப் பற்ற, சாலை வண்டியைத் தாங்க, ஓட்டுநர் வேகத்தை அடக்க, ஒவ்வொன்றும் தன் பணியை அளவறிந்து செய்யும்போதுதான் வளைவு இடரின்றிக் கடக்கப்படுகின்றது. மடியில் உறங்கும் குழந்தை விழிக்காமல் ஊர் சேருமாயின், அதுவே அவ்வண்டியைச் செய்தவர்க்கும் ஓட்டியவர்க்கும் தக்க நற்சான்றாகும்.