க்யூவிடம் ஐடி கேட்காதீர்கள்

இன்வாய்ஸ் தயாரிப்பது, மெயில் அனுப்புவது, ரீஃபண்ட் போடுவது போன்ற வேலைகளை க்யூவில் தள்ளி வொர்க்கர்களிடம் விடுகிறோம். க்யூ சர்வர் ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை அது தரும் எண்ணே போதும். இரண்டாவது சர்வர் வந்ததும் கதை மாறும்.

பீன்ஸ்டாக்டியை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த, சிக்கனமான க்யூ மென்பொருள். ஒவ்வொரு சர்வரும் தன் வேலைகளுக்கு 1-லிருந்து எண் போடும்; பக்கத்து சர்வர் இருப்பதே அதற்குத் தெரியாது. பின்லாக் இல்லாமல் ஓட்டினால் ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி 1. டிலீட் கட்டளையில் போவதும் இந்த எண் மட்டும்தான். சர்வர் மாறிப் போய், "அப்படி ஒரு வேலை இல்லை" என்று பதில் வந்தால் பிழைத்தோம். அதே எண்ணில் அங்கே வேறொரு வேலை யாரும் எடுக்காமல் காத்திருந்தால் அது அழிந்துபோகும். "நீக்கியாயிற்று" என்ற பதிலும் வரும். யாருக்கும் சந்தேகம் வராது.

எண்ணுக்கு முன்னால் சர்வர் பெயரை ஒட்டிவிடலாம் என்று பலரும் சொல்வார்கள். ரீஸ்டார்ட் சிக்கல் அதில் தீராது. அதைவிடப் பெரியது இன்னொன்று: வேலையை அனுப்புகிறோம், டைம்அவுட் ஆகிறது. சர்வர் வாங்கிக்கொண்டதா, இல்லையா? தெரியாமல் திரும்ப அனுப்பினால் வேறு எண்ணோடு இரண்டாவது வேலை உட்காரும். வாடிக்கையாளருக்கு இரண்டு ரீஃபண்ட்.

ஆகவே ஐடியை அனுப்புபவரே உருவாக்க வேண்டும், அதுவும் க்யூவைத் தொடுவதற்கு முன்பே. ஆர்டர் பதிவோடு சேர்த்து டேட்டாபேஸில் எழுதிவிட்டு, பிறகு அனுப்புங்கள். எத்தனை முறை ரீட்ரை செய்தாலும் ஐடி அதேதான். வொர்க்கர் பக்கம், முடிந்த வேலைகளுக்கு ஒரு டேபிள், ஐடி மேல் யூனிக் கட்டுப்பாடு. வேலையும் அந்தப் பதிவும் ஒரே டிரான்சாக்‌ஷனில். பேமெண்ட் கேட்வே போன்ற வெளி அமைப்பானால், அது ஏற்கும் பட்சத்தில் இதே ஐடியை அங்கும் கொடுங்கள்.

அமேசான் எஸ்க்யூஎஸ் பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும். அதன் ஸ்டாண்டர்ட் க்யூ ஒரே செய்தியை இரண்டு முறை தரக்கூடும். ஃபிஃபோ க்யூ நகலைத் தடுப்பதும் 5 நிமிடத்துக்குத்தான்.

எந்த ஐடி? யூயூஐடி நான்காம் பதிப்பில் 122 பிட் ரேண்டம். மோதல் பயமே வேண்டாம். ஆனால் இன்டெக்ஸில் கண்ட இடத்தில் போய் உட்காரும். 2024-இல் வந்த ஆர்எஃப்சி 9562 வரையறுத்த ஏழாம் பதிப்பில் முதல் 48 பிட் மில்லிசெகண்ட் நேரம், அதனால் புதியவை இன்டெக்ஸின் கடைசியில் சேரும். என் தேர்வு இதுதான். போஸ்ட்கிரெஸ் 18-இல் இதற்கான ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது. ஒன்று மட்டும்: அந்த வரிசையை வேலைகள் உருவான துல்லியமான வரிசை என்று நம்பாதீர்கள். மெஷினுக்கு மெஷின் கடிகாரம் கொஞ்சம் முன்பின்னாக ஓடும்.

ட்விட்டர் 2010-இல் கொண்டுவந்த ஸ்னோஃப்ளேக் ஐடி 64 பிட்டில் அடங்கும், அழகானது. அதில் 10 பிட் மெஷின் எண். கன்டெய்னர்கள் பிறந்து மடியும் இடத்தில் அந்த எண்ணை யார் பங்கிடுவது? சின்ன டீமுக்கு வேண்டாத தலைவலி.

கோட் ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது ஐடி பிறக்கும் வரியை. செலரி போன்ற க்யூ லைப்ரரிகள் தாமே ஐடி போட்டுவிடும். நாமே கொடுக்கவும் செலரியில் வழி உண்டு. உங்கள் கோடில் அந்த வரி ரீட்ரை லூப்புக்குள் இருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடுங்கள்.