புதுப் பேட் போட்டும் பிரேக் பிடித்துக்கொள்கிறதா?

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்தில் தொண்ணூறுகளில் வாங்கிய ஹைலக்ஸ் ஃபோர்வீல் வண்டி இன்னும் ஓடுகிறது. பழக்குலையும் ஏற்றுவோம், உர மூட்டையும் ஏற்றுவோம். கொஞ்ச நாளாக இடது முன்சக்கரம் கொதிக்கிறது, கருகிய வாடை வருகிறது, வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. புதுப் பேட் போட்டும் சீக்கிரமே தேய்ந்துவிட்டது. கேலிப்பரையே மாற்றச் சொல்கிறார் ஃபோர்மேன். வேறு வழியில்லையா?
– வாசகர், கெமாஸ்

பதில்: சரிசெய்யும் வரை அந்த வண்டியில் ஆளையோ சுமையையோ ஏற்றாதீர்கள். சக்கரத்தின் சூடு பிரேக் எண்ணெய்க்கும் ஏறும். புது டாட் 3 எண்ணெய் 205 டிகிரி வரை தாங்கும். நம் ஊர் ஈரம் அதில் கலந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் மிதி அப்படியே உள்ளே போகும், வண்டி நிற்காது.

கேலிப்பரைக் குறை சொல்லுமுன் ஒரு சோதனை. வண்டியை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பிரேக்கை மிதித்து விடுங்கள். சக்கரம் சுற்றாவிட்டால் கேலிப்பரின் காற்று எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்துங்கள். எண்ணெய் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால், கோளாறு பெரும்பாலும் ரப்பர் ஹோஸில். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கும். எண்ணெய் போகும், திரும்பாது. ஹோஸை மாற்றினால் போதும்.

விடுபடவில்லையா? பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. நீங்கள் ஏற்றும் உரத்தில் பொட்டாஷ் இருந்தால் காரணம் அதுவாகவே இருக்கலாம். அது ஒருவகை உப்பு. கிழிந்த தூசி ரப்பர் வழியாக மழைநீரோடு நுழைந்து பிஸ்டனின் குரோம் பூச்சை அரித்துவிடும்.

உங்கள் வண்டியில் ஒரு கேலிப்பருக்கு நான்கு பிஸ்டன். வழுக்கும் பின் இதில் இல்லை, அதனால் அதற்குக் கிரீஸ் வைக்கும் யோசனை பொருந்தாது. நடுவில் ஒரு மரக்கட்டை வைத்து, பிரேக் மிதியின் அழுத்தத்திலேயே பிஸ்டன்களை வெளியே கொண்டுவரலாம். கம்பிரஸர் காற்றை ஒரேயடியாகத் திறந்தால் பிஸ்டன் பாய்ந்து விரலை நசுக்கும். கேலிப்பரின் இரு பாதிகளையும் பிரிக்கவே கூடாது. பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். சீல்களைப் புது பிரேக் எண்ணெயால் நனைத்துப் பூட்டுங்கள். மண்ணெண்ணெய், டீசல், இன்ஜின் எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

உட்சுவரிலும் துரு அரித்திருந்தால் ஃபோர்மேன் சொல்வதே சரி, கேலிப்பரை மாற்றுங்கள். எதுவானாலும் வலப்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தின் பிரேக் சோதனை உருளையில் இடது வலது வித்தியாசம் தெரிந்துவிடும். பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். உரம் ஏற்றிய அன்றே, சக்கரம் ஆறியதும் உட்புறத்தில் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள்.