கடன் கொடுத்தவரை நீங்களே தேடிப் போங்கள்!

வேத பாடம்: நீதிமொழிகள் 6:1-5, உபாகமம் 24:10-13, மத்தேயு 5:23-26



வேலை போன வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கலாம் தெரியுமா? பட்டப்பகலில் கதவு தாழ்ப்பாள் போட்டிருக்கும். போன் அடித்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். தவணை வாங்க ஆள் வந்தால் சின்னப் பிள்ளையை அனுப்பி, "அப்பா ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்ல வைப்பார்கள். அப்பா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருப்பார். கடன் ஒரு பக்கம் இருக்கட்டும், பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தாயிற்றே!

நீதிமொழிகள் 6-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிணைப்பட்டு மாட்டிக்கொண்டவனுக்கு அங்கே ஒரு யோசனை சொல்லப்பட்டிருக்கிறது. கதவைச் சாத்திக்கொள் என்றோ, யாராவது வந்து கேட்கும்வரை காத்திரு என்றோ அதில் இல்லை. நீயே போ, உன்னைத் தாழ்த்து, வருந்திக் கேள், அதை முடிக்கும்வரை தூங்காதே என்பதே அதன் சாரம். கண்ணியில் அகப்பட்ட மான் எவ்வளவு அவசரமாகத் துள்ளுமோ அவ்வளவு அவசரம் வேண்டும் என்கிறார். நாம் என்ன செய்கிறோம்? ஜெபத்துக்கு முழங்கால் போடுகிறோம், நல்லதுதான். ஆனால் எழுந்தபிறகு பேங்குக்குப் போகிற கால் மட்டும் நகரமாட்டேன் என்கிறது.

நம்ம புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. கடலூர் சாலையில் ரோடியர் மில் என்று நாம் சொல்லும் ஏ.எஃப்.டி. ஆலை 1898-ல் தொடங்கியது. 1936 ஜூலை 30-ல் இந்த ஊர் ஆலைத் தொழிலாளர் போராட்டத்தில் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்குப் பலியானார்கள். 1986-ல் அரசாங்கம் ஏ.எஃப்.டி. ஆலையை எடுத்து நடத்தியது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தது, ஆலையும் அடிபட்டது. 2013 முதல் லே-ஆஃப், பாதிச் சம்பளம். 2020 ஏப்ரல் 30-ல் மூடியே விட்டார்கள். சுதேசி, பாரதி மில்களும் இன்று ஓடவில்லை.

இதில் கவனிக்கவேண்டியது அந்தப் பாதிச் சம்பளக் காலம். வேலை ஒரே நாளில் போவது குறைவு, படிப்படியாகத்தான் போகும். முழுச் சம்பளத்தைக் கணக்குப் போட்டு வாங்கின கடனுக்குப் பாதிச் சம்பளத்தில் எப்படி முழுத் தவணை கட்டமுடியும்? "மில் திறந்துடுவாங்க, திறந்ததும் கட்டிடலாம்" என்று இருந்தால் வட்டி நமக்காகக் காத்திருக்காது. கடன் கொடுத்தவரைப் பார்க்கவேண்டிய நாள், சம்பளம் குறைந்த அந்த முதல் மாதமே.

ஏ.எஃப்.டி. மூடிய அதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. கொரோனா ஊரடங்குக்காக ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையை நிறுத்தி வைக்க அனுமதி கொடுத்தது. பல வீடுகளில் அதைத் தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டார்கள். தள்ளி வைத்தது வேறு, தள்ளுபடி வேறு! அந்த ஆறு மாத வட்டி அசலோடு சேர்ந்தது. வட்டிக்கு வட்டி போடக்கூடாது என்று மட்டும் 2021 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆகவே பேங்கில் எந்தச் சலுகை கொடுத்தாலும், "இதுக்கு வட்டி ஓடுமா? கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டணும்?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சரி, போய் என்ன பேசுவது? போவதற்கு முன் ஒரு இரவு கணவனும் மனைவியும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். எலிசாவிடம் வந்த விதவையைக் கடன்காரன் நெருக்கினான். தீர்க்கதரிசி அவளிடம் கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான். அதையே நீங்களும் எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு, எத்தனை வட்டி, எது நகைமேல், எது வீட்டுமேல், எதற்குப் பிணை யார். மனைவிக்குத் தெரியாத கடன் ஒன்று, கணவனுக்குத் தெரியாத சீட்டு ஒன்று அந்த இரவில் வெளியே வரும். வரட்டும்! அரிசி, வாடகை, கரண்ட், பள்ளிக் கட்டணம் போக மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். 1,500 ரூபாய்தான் என்றால் 1,500 என்றே எழுதுங்கள். வெட்கத்தில் 4,000 என்று வாக்குக் கொடுத்து மறுமாதமே தவறினால் உங்கள் இரண்டாவது பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள்.

பிறகு மேனேஜருக்கு ஒரு கடிதம். தமிழில் எழுதினால் போதும். "ஐயா, என் கடன் எண் இது. இந்தத் தேதியில் எனக்கு வேலை போய்விட்டது, அதற்கான கடிதத்தை இணைத்திருக்கிறேன். கடனை மறுக்கவில்லை. இப்போது மாதம் இவ்வளவு கட்ட முடியும். தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கி வீட்டில் வையுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வந்தால், அந்த மேனேஜர் மாற்றலாகிப் போனபின் உங்களுக்குச் சாட்சி யார்?

தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்னால் உள்ளூர்க் கிளையில் பேசித் தீர்க்கக்கூடியது, பின்னால் வசூல் பிரிவுக்கும் வக்கீலுக்கும் போகிறது. வீட்டை அடமானம் வைத்திருந்தால் 2002-ம் வருஷத்து சர்பேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். அதை வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. எவ்வளவு பேதமை! நீங்கள் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தால் பேங்க் 15 நாளுக்குள் பதில் சொல்லியாகவேண்டும். நகைக்கடன் என்றால் ஏலத் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், வட்டியையாவது கட்டப் பாருங்கள்.

செக் கொடுத்தவர்கள் மட்டும் விசேஷமாகக் கவனியுங்கள். கடன் கட்ட முடியாமற்போவது மட்டுமே ஜெயிலுக்குப் போகிற குற்றமல்ல. ஆனால் கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் அது வேறு வழக்கு. நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் கிரிமினல் கோர்ட்டுக்குப் போகலாம், இரண்டு வருஷம் வரை தண்டனை உண்டு. ஆகவே செக் வைத்திருப்பவரை முதலில் பாருங்கள்.

உபாகமம் 24-ல் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கட்டளை இருக்கிறது. அடகு வாங்க வருகிறவன் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்கவேண்டும். ஏழைக்கும் ஒரு வாசற்படி உண்டு, அதைக் கடன்காரனும் தாண்டக்கூடாது! இன்றைக்கு ரிசர்வ் வங்கியின் விதிகளும் கிட்டத்தட்ட அதையே சொல்லுகின்றன. 2022 விதிப்படி, மைக்ரோ பைனான்ஸ் குழுக்கடனுக்கு காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் கூப்பிடக்கூடாது. மற்ற கடன்களுக்குக் காலை 8 முதல் இரவு 7 வரைதான். திட்டக்கூடாது, மிரட்டக்கூடாது, சொந்தக்காரரையும் கூடவேலை செய்பவரையும் தொந்தரவு செய்யக்கூடாது. குழுக்கடனைப் பொது இடத்தில்தான் வசூலிக்கவேண்டும், இரண்டு தடவை தொடர்ந்து நீங்கள் வராமற்போனால்தான் வீட்டுக்கு வரலாம். கவனித்தீர்களா? ஒளிந்துகொண்டால் நம் வாசற்படியை நாமே திறந்துவிடுகிறோம்.

குழுவில் இருக்கிற சகோதரிகளே, நீங்கள் கட்டாத தவணை பக்கத்து வீட்டு அக்கா தலையில் விழும். முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்.

பேங்க் தவணை கட்டுவதற்காகக் கந்துவட்டிக்காரரிடமோ, போனில் வருகிற லோன் ஆப்பிலோ போய் நிற்காதீர்கள். அது நெருப்பை மண்ணெண்ணெய் ஊற்றி அணைக்கிற வேலை. அதைவிட உங்களுக்கு வரவேண்டியது என்ன என்று பாருங்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு கிராஜுவிட்டி உண்டு, பி.எஃப். பணம் இருக்கும். "மொத்தமா இவ்வளவு கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்று பேங்கில் சொன்னால், அதை எழுத்தில் வாங்கினபிறகே பணத்தைக் கொடுங்கள்.

சில சபைகளில் வேறொன்று நடக்கிறது, மனவருத்தத்தோடு எழுதுகிறேன். தவணையை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைக் காணிக்கையில் போட்டால் கடன் அற்புதமாய்த் தீரும் என்று போதிக்கிறார்கள். மத்தேயு 5-ல் ஆண்டவர் சொன்னது என்ன? காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போ என்றார். அடுத்த வசனங்களிலேயே நியாயாதிபதியையும் கடைசிக் காசையும் பற்றிப் பேசுகிறார். வழியில் போகும்போதே சீக்கிரமாய்ச் சமரசம் பண்ணு என்கிறார். அந்தச் 'சீக்கிரமாய்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டு வையுங்கள்.

சபைக்குள் கைமாற்று வாங்கினவர்களுக்கும் இதேதான். பணம் கொடுத்த பிரதரைப் பார்க்க வெட்கப்பட்டு ஆராதனைக்கே வராமல் நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் ஐந்தாயிரத்தை இழந்தார், நீங்கள் சபையை இழந்தீர்கள். இந்த ஞாயிறு கூட்டம் முடிந்ததும் அவரிடம் போங்கள். "பிரதர், வேலை போயிடுச்சு. மாசம் ஐந்நூறு தர்றேன்" என்று சொல்லி, முதல் ஐந்நூறைக் கையிலேயே கொண்டுபோங்கள்.

பேங்கிலோ பைனான்ஸிலோ கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448. கோர்ட் நோட்டீஸ் வந்துவிட்டதா? பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உதவி உண்டு, அதற்கு 15100. லோக் அதாலத்தில் பேசித் தீர்த்தால் அதன்மேல் அப்பீல் இல்லை, ஆகவே அங்கேயும் கட்ட முடிந்த தொகையை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். தனியாகப் போகப் பயமாயிருந்தால் சபையில் ஒரு மூப்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த முத்திரை போட்ட பிரதியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.