பிடித்துத் தைக்கலாம், வெட்ட வேண்டாம்!

சகோதரிகளே, நம்ம பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகளுக்கும் வரும் இலவசப் பள்ளிச் சீருடையைத் தைப்பது மகளிர் தையல் கூட்டுறவு சங்கப் பெண்கள்தான். 2012-13 முதல் ஆண்டுக்கு 4 செட். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அளவு சரியாக அமைவதில்லை. சட்டை இறுக்கமாக இருந்தால் வளர்ந்த பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போகவே கூச்சப்படும். அதனால் டெய்லரிடம் கொடுக்கும் முன் நாம் செய்ய வேண்டியவை:

1. துணியை ஒருமுறை நனைத்துக் காயவைங்க. முதல் சலவையில் சுருங்கலாம்.

2. பிள்ளையையும் கூட்டிப்போய், போட்டுக் காட்டி அளவெடுக்கச் சொல்லுங்க.

3. இறுக்கமா? உள்பக்கம் திருப்பி, தையலுக்கு உள்ளே துணி விட்டிருக்கிறதா பாருங்க. இருந்தால்தான் பிரித்துவிட முடியும்.

4. தொளதொளப்பா? பிடித்துத் தைக்கட்டும். கத்தரி போட்டால் பிள்ளை வளரும்போது பிரிக்க முடியாது.

கூலியை முதலிலேயே பேசுங்க. தைக்கத் தெரிந்தவர் நம் குழுவில் இருந்தால் அவரிடமே கொடுப்போம். அந்தக் கூலி நமக்குள்ளேயே சேமிப்பாகும்.